பொறியா, பெட்ரோலா? ஸ்டார்ட் ஆகாத பழைய கார்கள் பற்றிய கேள்வி பதில்

பாயிண்ட்டும் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி உண்டாக்கும் சிறு சுவிட்ச்) கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள பழைய பெட்ரோல் கார்கள் குறித்த கேள்விகளுக்கு மட்டுமே இங்கே பதில். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளுக்கு இவை பொருந்தா.

கேள்வி: எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை. பிளக், காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), கார்புரேட்டரின் உள்பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். இவ்வளவு செலவு செய்த பிறகும் பிளக் முனையில் பொறி வருகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொட வேண்டும்; கழற்றிய துவாரத்துக்கு அருகில் வைத்துவிடாதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். வயரைக் கையால் பிடிக்காமல், இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாக, சடக் சடக்கென்று வந்தால் பொறியை விட்டுவிட்டு பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக மெலிந்து வந்தால் பாயிண்ட்டோடு இணைந்த சிறு கண்டென்சரைச் சந்தேகியுங்கள், அதிலும் பாயிண்ட் முனைகளுக்கிடையே பெரிதாகத் தீப்பொறி தெரிந்தால்.

பொறியே இல்லையா? சோதனை விளக்கின் ஒரு முனையை காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பாயிண்ட்டை உள்ளே வைத்து, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) போகும் மெல்லிய வயரின் இணைப்பிலும், மறுமுனையை எஞ்சின் உடலிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து அணைந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடியும் மின்சாரம் கடக்கவில்லை. நெடுநாள் நின்ற வண்டியில் முனைகளில் படலம் படிந்திருக்கும். சுத்தமான அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்தாலே பல சமயம் போதும். விளக்கு எரியவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை. பாயிண்ட்டைத் திறக்கும் சுழல் கேம் மேல் உரசும் சிறு கட்டை தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். நான்கு சிலிண்டர் கார்கள் பலவற்றில் இது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே வையுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பிடிக்கிறது. விட்டவுடன் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டர்தானே?

பதில்: இல்லை. இவ்வளவு தெளிவாகத் தன் நோயைத் தானே சொல்லும் கோளாறு வேறு கிடையாது. உங்கள் காரில் பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பாகம்) இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு பேட்டரியின் முழு மின்னழுத்தமும் தனி வயரில் போகிறது; சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அந்த ரெசிஸ்டரோ, அதற்கு வரும் இணைப்போ அறுந்திருக்கும். ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேரடியாக வயர் கொடுத்து ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். காயில் சூடேறிக் கெடும், பாயிண்ட்டும் கருகும்.

கேள்வி: பேட்டரி புதியது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்.

பதில்: பேட்டரி புதியது என்பதால் அது முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பொருளில்லை. ஓய்வில் 12.6 வோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும். இருந்தால், வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் (கார் உடலோடு இணைந்த முனை) மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஸ்டார்ட்டரை இயக்கியபடியே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையில் துரு அல்லது தளர்ச்சி. பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் போல்ட்டை முடுக்கிவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைக் குறை சொல்வது வழக்கமான கதை. எர்த் சரி என்றால் சோலனாய்டுக்கு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) போகும் கேபிளையும் இதே முறையில் பாருங்கள்.

கேள்வி: காலையில் ஒரே சுற்றில் கிளம்பும். சூடான பிறகு நிறுத்தினால் அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்புகிறது.

பதில்: மூன்று சந்தேகங்கள், மூன்றுக்கும் மருந்து வேறு. அடுத்த முறை நடக்கும்போதே பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. முதலில் பொறி. சூட்டில் மட்டும் பொறி மறைந்தால் காயில் அல்லது கண்டென்சர். பொறி இருந்தால், எஞ்சினை நிறுத்திய நிலையில் ஏர் ஃபில்டரைக் கழற்றி ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்து கார்புரேட்டர் வாயைப் பாருங்கள். பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால் வரும் வழியில் அது ஆவியாகி அடைத்திருக்கலாம். குழாய் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். (எஸ்யூ என்ற வகைக் கார்புரேட்டரில், மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலேட்டர் பம்ப் இல்லாததால் அதில் இந்தச் சோதனை செல்லாது.) வாசனை மூக்கைத் துளைத்து பிளக் நனைந்திருந்தால் அதிகப் பெட்ரோல் இறங்கிவிட்டது. சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்துச் சுற்றுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் உள்ளே போகும்.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டினேன். இப்போது கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது.

பதில்: பெரும்பாலும் 180 டிகிரி மாறி உட்கார்ந்திருக்கும். கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் ஒரு சுற்று சுற்றும். ஆகவே புல்லியில் உள்ள குறி இருமுறை பொருந்தும், அதில் ஒன்றுதான் அமுக்க வீச்சு, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் நேரம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, துவாரத்தை விரலால் மூடி, எஞ்சினைக் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளும்போது குறியைப் பொருத்தினால், ரோட்டார் முதல் பிளக் வயரை நோக்கி நிற்க வேண்டும்.

கேள்வி: 1962 மாடல் பிரிட்டிஷ் கார். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் யூனிட் போட்ட அன்றே அது செத்துவிட்டது.

பதில்: அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான யூனிட்டை அதில் போட்டால் பிழைக்காது. பேட்டரியிலிருந்து உடலுக்குப் போகும் கேபிள் எந்த முனையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை பழைய பாயிண்ட்டையே திரும்ப மாட்டி ஓட்டுங்கள்.