நர்சம்மா பதில்கள்: அடுப்பங்கரைப் புகை

கே: நர்சம்மா, எனக்கு இது ஐந்தாம் மாதம். கர்ப்பிணிகளுக்கு இலவசமாக கேஸ் கொடுத்து நம் நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கம் ஓர் ஆராய்ச்சி செய்தார்களாம்; கேஸில் சமைத்தும் குழந்தைகளின் எடை கூடவில்லையாம். கொழுந்தனார் செல்போனில் படித்துக் காட்டினார். "அப்புறம் எதுக்கு சிலிண்டருக்குக் காசைக் கொட்டணும், விறகே போதும்" என்கிறார் மாமியார். நான் என்ன சொல்ல?
- வாசகி, சீர்காழி

பதில்: கொழுந்தனார் படித்தது உண்மைதான் தங்கச்சி. ஆனால் பாதியைத்தான் படித்திருக்கிறார். மீதியையும் சொல்கிறேன், மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்த ஆராய்ச்சிக்கு ஹாப்பின் என்று பெயர். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்று நான்கு நாடுகளில், நாட்டுக்கு 800 வீதம் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். இந்தியாவின் 800 பேரும் நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டத்துப் பெண்கள். இங்கே அதை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் அவர்களின் குழு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்து, 18 மாதத்துக்கு சிலிண்டரையும் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். மீதிப் பேர் எப்போதும்போல விறகில் சமைத்தார்கள். அந்தப் பெண்கள் எவ்வளவு புகையை மூச்சில் இழுக்கிறார்கள் என்று அளக்க, ஒரு சின்னக் கருவியை உடையோடு மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்கச் சொன்னார்கள்.

2022இல் முடிவு வந்தது. காற்றில் இருக்கும் நுண்துகளை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். விறகு வீட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 103. கேஸ் வீட்டுப் பெண்களுக்கு 35. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடை? கேஸ் வீட்டில் சராசரி 2,921 கிராம், விறகு வீட்டில் 2,898. மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய 20 கிராம். அதுகூடத் தற்செயலாக வந்திருக்கலாம் என்கிற அளவுதான். 2024இல் வந்த அடுத்த முடிவுகளும் இப்படியே: முதல் வயதில் வருகிற கடுமையான நிமோனியாவும், வளர்ச்சி குன்றுவதும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம்.

இந்த 20 கிராமைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹாப்பினுக்கு முன்பே, 2018இல், இதே ராமச்சந்திரா குழு தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளை வைத்து ஒன்றைக் கண்டுபிடித்தது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது. அப்படியென்றால் புகை 103இலிருந்து 35ஆகக் குறையும்போது எவ்வளவு கூட வேண்டும்? இருபத்தேழு கிராம். கிடைத்தது இருபது. இரண்டும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. புகையால் குழந்தையின் எடைக்கு வருகிற கெடுதல் நாம் பயந்த அளவு பெரிது இல்லை, அதனால் அதை நீக்கிக் கிடைக்கிற லாபமும் சிறிதுதான் என்பது என் கணிப்பு. இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண்களைச் சேர்த்ததே 9ஆம் வாரத்துக்கு மேல், 20ஆம் வாரத்துக்குள். அதற்குள் நஞ்சுக்கொடி உருவாகத் தொடங்கியிருக்கும். முதல் வாரங்களிலேயே பட்ட புகை பட்டதுதான்.

நான் முப்பத்திரண்டு வருடம் இதே கடலோர ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். தராசுக் கொக்கியில் துணித் தூளியை மாட்டி, அதில் குழந்தையைக் கிடத்தினால் முள் ஆடி ஆடி நிற்கும். அது நிற்கிற வரைக்கும் தாய் மூச்சு விட மாட்டாள். "எவ்ளோ நர்சம்மா?" இரண்டரை கிலோவுக்குக் கீழே நின்றுவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அந்த முள்ளைக் கீழே இழுப்பவை எவை என்று எனக்குத் தெரியும். தாயின் ரத்தசோகை, கர்ப்பத்துக்கு முன்பே தாயின் எடை குறைவாக இருந்தது, ரத்த அழுத்தம், நாள் நிறையாமல் பிறந்தது. புகை அந்த வரிசையில் பின்னால்தான் நிற்கிறது. எனவே குழந்தையின் எடைக்காக நீங்கள் செய்ய வேண்டியது இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குவது, ஹீமோகுளோபின் 11க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது, பரிசோதனைக்கு நாள் தவறாமல் போவது.

இப்போது மாமியார் கேள்விக்கு வருகிறேன். இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது. குழந்தைக்கு எடை கூடினால்தான் ஒரு பெண்ணின் முகத்திலிருந்து புகையை எடுப்போமா? அந்தப் புகையை இழுக்கிற நுரையீரல் உங்களுடையது. எரிகிற கண் உங்களுடையது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நாள்பட்ட மூச்சடைப்பு நோய், மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் எல்லாம் அதில் அடங்கும். இவை ஒன்பது மாதத்தில் தெரியாது. ஐம்பது வயதில் மாடிப்படி ஏறும்போது தெரியும். "அத்தை, கேஸ் பிள்ளைக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லுங்கள். அவர் எத்தனை வருடம் ஊதாங்குழல் ஊதினார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவரே பேசுவார்.

கே: இந்த கேஸ் ஆராய்ச்சிக்கு இத்தனை கோடி செலவழித்துப் 'பலன் இல்லை' என்று வந்தால் அது தோல்விதானே? அதை எதற்கு வெளியிடுகிறார்கள்?
- கல்லூரி மாணவர், திண்டிவனம்

பதில்: வெளியிடாமல் இருந்தால்தான் தம்பி தோல்வி.

கிர்க் ஸ்மித் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர். 1980களின் தொடக்கத்திலேயே குஜராத் கிராமங்களில் பெண்கள் சமைக்கும்போது எவ்வளவு புகையை இழுக்கிறார்கள் என்று அளந்தவர். காற்று மாசு என்றால் தொழிற்சாலைப் புகைபோக்கி என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிறகு குவாத்தமாலாவில் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கொடுத்துப் பார்த்தார். 2011இல் வந்த அந்த முடிவில் நிமோனியா மொத்தத்தில் உறுதியாகக் குறைந்ததென்று சொல்ல முடியவில்லை, கடுமையான நிமோனியா குறைந்தது. மலாவியில் மேம்படுத்திய விறகு அடுப்பு கொடுத்தார்கள். 2017இல் வந்த அந்த முடிவில் நிமோனியாவில் மாற்றமே இல்லை. 'அடுப்பு போதுமான அளவு சுத்தமில்லை, கேஸ் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்' என்ற பேச்சு அப்போது இருந்தது. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்ததுதான் ஹாப்பின். ஸ்மித்தும் அதில் ஒருவர். முடிவைப் பார்க்காமலே 2020இல் இறந்துவிட்டார்.

இப்போது நமக்கு இரண்டு விஷயம் உறுதியாகத் தெரியும். சிலிண்டர் வீட்டுக்கே வந்து, காசும் கேட்காவிட்டால் நம் பெண்கள் விறகடுப்பை விட்டுவிடுவார்கள். 'பழக்கம், ருசி, விட மாட்டார்கள்' என்று கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! விடாததற்குக் காரணம் விலை. இரண்டாவது, குழந்தையின் எடைக்கும் நிமோனியாவுக்கும் கேஸ் மட்டும் போதாது. சத்துணவும் தடுப்பூசியும் மருத்துவமும் சேர்ந்து வேண்டும். இது தெரியாமல் நாங்கள் வீடு வீடாகப் போய் 'கேஸ் வாங்கு, பிள்ளை குண்டாகப் பிறக்கும்' என்று சொல்லியிருந்தால், பிறந்த குழந்தை சிறிதாக இருக்கும்போது அந்தத் தாய் எங்களை மறுபடி நம்புவாளா?

கே: கேஸ் அடுப்பிலிருந்தே விஷ வாயு வருவதாக அமெரிக்க ஆராய்ச்சி சொல்கிறதே. இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராப் ஜாக்சன் குழு செய்த ஆய்வுகளைச் சொல்கிறீர்கள். கலிபோர்னியா, கொலராடோ வீடுகளில் அளந்து, கேஸ் அடுப்பைப் பெரிதாக எரித்தால் சமையலறையில் பென்சீன் என்ற, புற்றுநோய் வரவைக்கிற வாயு சேர்கிறது என்று 2023இல் எழுதினார்கள். இண்டக்‌ஷனில் பென்சீன் இல்லை. நைட்ரஜன் டையாக்சைடு என்ற இன்னொரு வாயுவும் உண்டு. அது கேஸுக்குள் இருப்பதில்லை. தீயின் சூட்டில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாவது. அதனால் எந்தத் தீயாக இருந்தாலும் கொஞ்சம் வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் இதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

ஆனால் காற்று வெளியே போக வழி இருந்தால் இது குறையும். உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுச் சமையுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் துளைகள் அடைத்திருக்கின்றன. கழற்றி ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

செலவுக் கணக்கு போட்டேன். 14.2 கிலோ சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 125, 130 யூனிட் ஆகும். வீட்டுக்கு இலவச யூனிட் கிடைத்தாலும் அது விளக்குக்கும் ஃபேனுக்குமே போய்விடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பதையும் பாருங்கள். பாலும் டீயும் சாதமும் இண்டக்‌ஷனில், மற்றது கேஸில் என்று பிரித்துக்கொண்டால் பர்ஸுக்கும் மூச்சுக்கும் ஒத்துவரும்.

கே: சமையல் எல்லாம் கேஸில்தான். குளிக்க வெந்நீர் மட்டும் கொல்லையில் விறகில் போடுகிறோம். தப்பா?
- வாசகர், பண்ருட்டி

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன், சிலிண்டர் விலை எனக்கும் தெரியும். காய்ந்த விறகாகப் போடுங்கள். காற்று வீட்டுக்குள் அடிக்கிற பக்கம் அடுப்பு இருக்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பற்றவைக்க பால் கவரையும் சைக்கிள் டியூப் துண்டையும் போடாதீர்கள். சீக்கிரம் பிடிக்கும் என்று எல்லா ஊரிலும் செய்கிறார்கள். கவர் உருகிச் சொட்டும், கறுப்பாக ஒரு புகை எழும், தொண்டையில் கசக்கும். அது விறகுப் புகையைவிடப் பொல்லாதது. பன்னாடையோ காய்ந்த பாளையோ இரண்டு வைத்தால் போதும், அதுவும் அப்படியே பிடிக்கும்.

கே: அம்மாவுக்கு 58 வயது. பீடி, சிகரெட் எதையும் கையால் தொட்டதில்லை. நாலு வருடமாக இருமல், நடந்தால் இளைப்பு. சளி மருந்து குடித்துக் குடித்து அலுத்துவிட்டது.
- மகள், புதுக்கோட்டை

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதில் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்பைரோமெட்ரி எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊதச் சொல்வார்கள், முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் 'பழகிவிடும்' என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அம்மாவும் இப்படித்தான். எங்கள் கூரைவீட்டில் அடுப்பு மூலையில் இருக்கும், மேலே பரணெல்லாம் புகையொட்டடை தொங்கும். நெல் அவிக்கிற நாளில் விடிகாலை மூன்று மணிக்கே குனிந்து ஊத ஆரம்பிப்பாள். பின்னால் இளைப்பு வந்தபோது பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" இல்லை என்றாள். அது உண்மைதானே. அடுப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நர்ஸாக இருந்த எனக்கே கேட்கத் தோன்றவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே நீங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை வயதில் விறகடுப்பில் சமைக்கத் தொடங்கினார், எத்தனை வருடம், தினம் எத்தனை மணி நேரம், சமையலறைக்கு ஜன்னல் இருந்ததா. நான் அம்மாவுக்குக் கடைசியில் அப்படித்தான் செய்தேன். '41 வருடம், தினம் 4 மணி நேரம், ஜன்னல் இல்லை' என்று அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். அடுத்து பார்த்த மருத்துவர் வேறு எதுவும் கேட்காமல் அந்தக் குழாயை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.