கார்த்திகை விளக்கு யாருக்காக?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்த்திகை தீபத்துக்கு வாசலில் விளக்கு வைக்கக் கூடாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பூஜை அறைக்குள்ளேயே 27 விளக்கு ஏற்றினால் முழுப் பலன் கிடைக்குமா? ஒரு முகமா, ஐந்து முகமா? கடன் தீர எந்த எண்ணெய் நல்லது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பூஜை அறையில் ஏற்றுங்கள், தவறே இல்லை. ஆனால் அதைக் கார்த்திகை விளக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அறையில் தினமும்தான் விளக்கு எரிகிறது. இந்த ஒரு மாலையாவது அது வாசலுக்கு வர வேண்டும், தெருவில் போகிற எவர் கண்ணிலும் பட வேண்டும். 27 என்பது நட்சத்திரக் கணக்கு. முடிந்தவர்கள் அத்தனையும் வைக்கலாம். ஒன்றே ஒன்று வைத்தாலும் அதை வெளியே வையுங்கள்.

இது நான் புதிதாகச் சொல்வதில்லை. அகநானூற்றின் 141-வது பாட்டு நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கிறது. முழு நிலா கார்த்திகை நட்சத்திரத்தோடு சேரும் இரவு. தெருவில் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, ஊரே கூடிக் கொண்டாடும் விழா வருகிறது. பொருள் தேடப் போனவர் அதற்குள் வந்துவிட மாட்டாரா, நம்மோடு சேர்ந்து கொண்டாட மாட்டாரா என்று ஒரு பெண் ஏங்குகிறாள். பிறகு ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைப் பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன பெண்ணைத் திரும்பக் கூப்பிட, அவளுடைய ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலா போவாய் என்று கேட்கிறார். அதில் கார்த்திகை விளக்கீடும் ஒன்று. அங்கேயும் பெண்கள் கொண்டாடுவது மயிலாப்பூர்த் தெருவில்தான். செத்தவளை எழுப்ப ஊர்த் திருவிழாவைச் சொன்னாரே, அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

திருவண்ணாமலையில் அன்று நடப்பதைப் பாருங்கள். விடியற்காலையில் கருவறையில் பரணி தீபம். ஒரு தீபத்திலிருந்து ஐந்து ஏற்றுவார்கள். அந்த நெருப்பு கருவறையோடு நின்றுவிடுவதில்லை. அதை 2,668 அடி உயர மலை உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து சில நிமிடம் ஆடிக் காட்சி தருவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வெளியே வருவது. அதே நேரத்தில் உச்சியில் மகாதீபம் ஏறும். ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தைச் சேர்ந்த மீனவர்கள். தலைமுறை தலைமுறையாக அது அவர்கள் உரிமை. கொப்பரையில் டன் கணக்கில் நெய், திரிக்குக் காடாத் துணி, 11 நாள் எரியும். கோயிலுக்குள் வர முடியாதவர்களும், படுக்கையில் கிடக்கிற கிழவியும், வயலில் நிற்கிறவரும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் சுற்றுவட்டார வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடிய கதை உங்களுக்குத் தெரியும். அடியும் முடியும் காண முடியாத அந்த ஜோதியை நினைத்து ஏற்றுகிற விளக்கைக் கதவைச் சாத்திக்கொண்டு எப்படி ஏற்றுவது?

இன்னொன்று. அன்று தீபத்தைப் பார்த்துச் சொல்லும் சுலோகம் ஒன்று உண்டு, 'கீடா: பதங்கா:' என்று தொடங்கும். புழு, சிறகுள்ளவை, கொசு, மரம், நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்கள், எந்தக் குலத்தில் பிறந்த மனிதரானாலும் சரி, இந்த ஒளியைப் பார்த்தால் மறுபிறவி இல்லாமல் போகட்டும் என்பது அதன் வேண்டுதல். அதில் 'எனக்கு' என்று எதுவுமே கேட்கவில்லை. மரமும் கொசுவும் உங்கள் பூஜை அறைக்கு வந்து கும்பிடப் போவதில்லை, சகோதரி. அவை இருக்கும் இடத்துக்கு வெளிச்சம் போக வேண்டும். அதனால்தான் கிராமங்களில் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், எருக்குழி வரை விளக்கு போகும். குப்பைமேட்டில் வைப்பதற்கென்றே ஒரு நாள் வைத்து, அதைக் குப்பைக் கார்த்திகை என்கிறார்கள். எனக்கு இந்தப் பண்டிகையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். கோயில் முன்னால் பனையோலை கட்டிக் கொளுத்தும் சொக்கப்பனையும் ஊர் முழுக்கப் பார்க்கத்தான். பெருமாள் கோயில்களிலும் உண்டு, நாள் மட்டும் சில வருடம் முன்பின் ஆகும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். கடன் தீர வேண்டும் என்று அண்ணாமலையாரிடம் கேளுங்கள், அழுதே கேளுங்கள், அதற்குத்தான் சாமி. ஆனால் இந்த எண்ணெய்க்கு இந்தப் பலன், இத்தனை முகத்துக்கு இத்தனை லாபம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள். உங்கள் கஷ்டத்தைக் காட்டியே உங்களிடம் எண்ணெய் விற்கிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டில் இருக்கிற நல்லெண்ணெய், பஞ்சுத் திரி, மண் அகல், ஒரு முகம். போதும்.

சங்கத்தாரோடு சண்டை வேண்டாம். அவர்கள் பயம் நெருப்பும் எண்ணெய்க் கறையும்தான், அது நியாயமான பயம். நாலு வீட்டுக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். கீழே கேட்டருகிலோ, சுற்றுச்சுவர் ஓரத்திலோ, மரத்தடியிலோ எல்லா வீட்டு அகலையும் ஒன்றாக வைக்க ஒரு மணி நேரம் இடம் கேளுங்கள். அடியில் தட்டு வைத்து, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் வைத்து, திரி அணைகிறவரை யாராவது ஒருவர் நிற்பதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், குப்பை எடுக்க வருகிறவர்கள், எல்லாரையும் ஆளுக்கு ஒன்று ஏற்றச் சொல்லுங்கள். பொரி உருண்டை முதலில் அவர்கள் கைக்குப் போகட்டும். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பால்கனி இருக்கிறது. காயப்போட்ட துணிகளை எடுத்துவிட்டு, காற்றில் சாயாத மூலையாகப் பார்த்து, தெருவிலிருந்து தெரிகிற மாதிரி வையுங்கள். குழந்தைகளுக்கு நைலான், பாலியஸ்டர் உடை வேண்டாம், பருத்தியே போடுங்கள்.