சிரப்பாகத் தரப்படும் வலிப்பு மருந்து: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எங்கள் 6 வயது மகனுக்கு வலிப்பு நோய்க்காக ஃபெனிட்டாயின் சிரப் கொடுத்து வருகிறோம். மருத்துவர் சொன்ன அளவை ஒரு வேளைகூடத் தவறாமல் தேக்கரண்டியில் அளந்து கொடுக்கிறேன். ஆனாலும், புதிய பாட்டில் திறந்ததும் சில நாள்களுக்கு அவனுக்கு வலிப்பு வருகிறது. பாட்டில் தீரும் சமயத்தில் வலிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, எந்நேரமும் தூங்கி வழிகிறான். மருந்து தரமற்றதாக இருக்குமோ?

பதில்: மருந்தின் தரத்தைச் சந்தேகிக்கும் முன், பாட்டிலைக் குலுக்கிய பிறகுதான் அளக்கிறீர்களா என்று கேட்க விரும்புகிறேன். நீங்கள் விவரித்திருக்கும் ஏற்ற இறக்கம், குலுக்காமல் ஊற்றப்படும் ஃபெனிட்டாயினில் எதிர்பார்க்கக்கூடிய ஒன்றுதான். லெவெடிராசிடாம், சோடியம் வால்ப்ரோயேட் ஆகிய வலிப்பு மருந்துகளின் திரவங்களில் மருந்து முழுமையாகக் கரைந்திருக்கும். பாட்டிலின் மேற்பகுதியிலும் அடியிலும் செறிவு ஒன்றே. ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகியவற்றின் திரவங்களோ கரையாத நுண்துகள்கள் மிதக்கும் சஸ்பென்ஷன்கள். பாட்டில் அசையாமல் இருக்கும்போது துகள்கள் மெல்ல அடியில் படிந்துவிடுவதால், தொடக்கத்தில் ஊற்றுவது நீர்த்தும், கடைசியில் ஊற்றுவது செறிந்தும் இருக்கும். நீங்கள் அளந்த அளவு ஒன்றாகவே இருந்தாலும் குழந்தையின் உடலுக்குள் சென்ற மருந்து ஒன்றாக இருந்திருக்காது.

ஃபெனிட்டாயினிடம் இன்னொரு குணமும் உண்டு. அதைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளின் திறன், சிகிச்சைக்குத் தேவையான சாதாரண அளவிலேயே ஏறக்குறைய முழுவதுமாகப் பயன்பட்டுவிடுகிறது. அந்த எல்லையைத் தொட்ட பின்னர் கொடுக்கும் அளவைச் சிறிதே கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து பல மடங்கு விரைவாகச் சேரத் தொடங்கும். தள்ளாட்டம், குழறல், தூக்கம் ஆகியவற்றுடன் கண்விழிகள் பக்கவாட்டில் விடாமல் ஆடுவதும் மருந்து மிகுந்துவிட்டதற்கான அறிகுறி. ஆகவே இன்றே மருத்துவரைத் தொடர்புகொண்டு, இரத்தத்தில் ஃபெனிட்டாயினின் அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பதே ஏற்ற அளவாகக் கருதப்படுகிறது. நீங்களாகவே மருந்தை நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், விட்டுவிடாமல் தொடரும் ஆபத்தான வலிப்பு ஏற்படக்கூடும். இப்போது கையில் இருக்கும் பாட்டிலின் அடியில் மருந்து செறிந்து கிடக்கலாம் என்பதால், அதையே குலுக்கிப் பயன்படுத்துவதற்குப் பதிலாகப் புதிய பாட்டிலிலிருந்து தொடங்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். இனி ஒவ்வொரு வேளையும், அடியில் எதுவும் ஒட்டியிருக்காத அளவுக்கு நன்றாகக் குலுக்கிய உடனேயே அளக்க வேண்டும்.

தேக்கரண்டியையும் கைவிட்டுவிடுங்கள். வீட்டுக் கரண்டிகள் கொள்ளளவில் ஒன்றுக்கொன்று வேறுபடுபவை. ஃபெனிட்டாயின் போன்ற மருந்துக்கு அந்த வேறுபாடு பொறுக்கத்தக்கதல்ல. வாய்வழி மருந்துக்கென்றே விற்கப்படும், ஊசி பொருத்த முடியாத சிரிஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போடும் சிரிஞ்சின் சிறிய மூடி குழந்தையின் தொண்டையில் சிக்கிய சம்பவங்கள் உண்டு என்பதால் அது வேண்டாம். சிரிஞ்சைக் கண் மட்டத்தில் பிடித்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றிய பிறகே அளவைப் பாருங்கள்.

கேள்வி: ஊர் மாறியதால் வேறு மருத்துவரிடம் செல்ல வேண்டியிருக்கிறது. என் மகள் எந்த மருந்து எடுத்துக்கொள்கிறாள் என்று அவர் கேட்டால், “காலையும் இரவும் 5 மி.லி.” என்று சொன்னால் போதாதா?

பதில்: போதாது. வலிப்பு மருந்து விஷயத்தில் என்னை மிகவும் அஞ்ச வைக்கும் வாக்கியம் அதுவே. மில்லிலிட்டர் என்பது திரவத்தின் கொள்ளளவு. நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தின் எடை மில்லிகிராமில்தான் கணக்கிடப்படுகிறது. பரவலாகக் கிடைக்கும் வால்ப்ரோயேட் சிரப்பில் 5 மி.லி.க்கு 200 மி.கி. இருக்கிறது. லெவெடிராசிடாம் திரவத்தில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 100 மி.கி., அதாவது 5 மி.லி.க்கு 500 மி.கி. இருக்கிறது. மருந்தின் பெயரும் ஒன்றாக இருக்கும்போதுதான் ஆபத்து இன்னும் கூடுதல். ஃபெனிட்டாயின் சஸ்பென்ஷன் 5 மி.லி.க்கு 30 மி.கி. என்ற செறிவிலும், 125 மி.கி. என்ற செறிவிலும் தயாரிக்கப்படுகிறது. முதலாவதின் இடத்தில் இரண்டாவது வந்து, பழைய மி.லி. கணக்கே தொடர்ந்தால் குழந்தைக்குப் போவது நான்கு மடங்குக்கும் மேல்.

ஆகவே மருந்தின் பெயர், பாட்டிலில் அச்சிட்ட செறிவு, ஒரு வேளைக்கு எத்தனை மி.கி., அதற்கு எத்தனை மி.லி. ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் பாட்டிலையே கையில் கொண்டுசெல்லுங்கள். மருந்துக் கடையில் வேறு நிறுவனத்தின் பாட்டிலைத் தந்தால், செறிவு அதேதானா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். குழந்தையின் அளவு எடையைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுவதால், புதிய மருத்துவர் அவளை முதலில் எடை பார்க்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: மருந்து கொடுத்தவுடன் குழந்தை வாந்தியெடுத்துவிட்டால் மீண்டும் கொடுக்கலாமா? ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரு மடங்காகக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எந்த நிலையிலும் இரு மடங்காகக் கொடுக்கக் கூடாது. மறந்ததை விரைவில் உணர்ந்தால் உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுப்போனதை விட்டுவிட்டு, வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் கொடுங்கள்.

வாந்தியைப் பொறுத்தவரை, மருந்து கொடுத்து 30 நிமிடங்களுக்குள் வாந்தியெடுத்தால் அதே அளவை ஒரு முறை மீண்டும் கொடுப்பதும், அதற்குப் பிறகு வாந்தியெடுத்தால் கொடுக்காமல் விடுவதும் பொதுவான நடைமுறை. இரண்டாம் முறையும் வெளியே வந்துவிட்டால் மூன்றாம் முறை முயலாமல் மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் குழந்தையின் மருந்துக்கு இந்த வழிமுறை பொருந்துமா என்பதை, வாந்தி வரும் இரவுவரை காத்திருக்காமல், அடுத்த சந்திப்பிலேயே கேட்டு மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வால்ப்ரோயேட் எடுக்கும் குழந்தைக்கு வாந்தி தொடர்வதோடு சோர்வு, பசியின்மை, அளவுக்கு மீறிய தூக்கம், கண்ணில் மஞ்சள் நிறம் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் இந்த எச்சரிக்கை மேலும் தேவை.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பால் பாட்டிலில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: முழுப் பாட்டில் பாலில் கலக்காதீர்கள். குழந்தை பாதிப் பாலை விட்டுவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்பதை யாராலும் கணக்கிட முடியாது. குழந்தையைத் தலை உயர்ந்திருக்குமாறு மடியில் சாய்த்து வைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சிறிது சிறிதாக விடுங்கள். தொண்டையை நோக்கிப் பீய்ச்சினால் புரையேறும். பல சிரப்புகளில் சர்க்கரை இருப்பதால், பல் முளைத்த குழந்தைக்கு மருந்துக்குப் பின் கொஞ்சம் தண்ணீர் கொடுப்பது நல்லது.

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் என் தந்தைக்கு மூக்குவழிக் குழாயில் உணவும், அதே நேரத்தில் ஃபெனிட்டாயின் திரவமும் கொடுக்கிறோம். அளவைக் கூட்டியும் வலிப்பு கட்டுப்படவில்லையே?

பதில்: குழாய் உணவோடு சேரும்போது ஃபெனிட்டாயின் குடலில் உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் உணவை நிறுத்திவைப்பது வழக்கம். அவருடைய ஊட்டத் தேவைக்கு ஏற்ப அந்த நேரத்தை மருத்துவர் வகுத்துத் தருவார். சஸ்பென்ஷன் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மருந்தைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து செலுத்தி, பின்னர் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஆனால் இந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உறிஞ்சப்படாத நிலையில் கூட்டப்பட்ட அளவு, உணவு இடைவெளி சரியானதும் அவருக்கு மிகையாகிவிடலாம். இரத்தப் பரிசோதனையோடு அளவைத் திருத்தியாக வேண்டும்.

கேள்வி: வலிப்பு வந்துகொண்டிருக்கும்போதே அந்த வேளைச் சிரப்பைக் கொடுத்தால் விரைவில் நிற்குமா?

பதில்: நிற்காது; நினைவற்றவரின் வாயில் ஊற்றும் திரவம் நுரையீரலுக்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினாலோ, தெளிவு திரும்புவதற்குள் மீண்டும் வலிப்பு வந்தாலோ ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அவசரத்துக்கென மூக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ செலுத்தும் மிடசோலாம் மருந்து உண்டு. அது வழக்கமான சிரப்பிலிருந்து முற்றிலும் வேறானது. மருத்துவர் பரிந்துரைத்து, செலுத்தும் முறையையும் நேரில் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டுமே அதை வீட்டில் பயன்படுத்தலாம்.