சம்பள நாளில் மட்டும் தொண்டை வறளுகிறது

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. மஸ்கெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். இரண்டு பிள்ளைகள். தைப்பொங்கலோடு குடியை விட்டு மூன்று மாதம் தொடவில்லை. ஆனால் 10ஆம் திகதி சம்பளம் வாங்கிக்கொண்டு சாராயத் தவறணை முடக்கில் திரும்பும்போது தொண்டை வறண்டுபோகிறது. சின்ன வயதில் சம்பள நாளில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார். அவர் இப்போது இல்லை. போன 10ஆம் திகதி தோற்றுவிட்டேன். எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: மன உறுதி இல்லாதவர் மூன்று மாதம் தாக்குப்பிடிப்பாரா, தம்பி? உங்கள் கடிதத்தில் அப்பாவின் தோளைப் பற்றிய வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். மாதம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத அப்பா, சம்பள நாள் சாயங்காலம் மட்டும் கச்சான் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு வருவார். சிரிப்போடு சாராய வாடையும் வரும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைக்குத் தெரியாது.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்க்குச் சாப்பாடு வைக்கும் முன் ஓர் ஓசையைக் கேட்கவைத்துப் பழக்கினார். பிறகு அந்த ஓசை கேட்டாலே அதற்கு எச்சில் ஊறியது. உங்களுக்கு அந்த முடக்குதான் ஓசை. அதோடு அப்பாவின் பாசமும் ஒட்டியிருப்பதால் இழுப்பு இன்னும் கூடுதல். நீங்கள் தேடுவதில் பாதி சாராயம், பாதி அப்பா என்றே எனக்குப் படுகிறது.

'நினைக்கவே கூடாது' என்று பல்லைக் கடிக்காதீர்கள். அமுக்க அமுக்க அது மேலே வரும். நினைவு முதல் கிளாஸை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். நீங்கள் நிற்காமல் அந்தப் படத்தை விடியும்வரை ஓட்டுங்கள். போன 10ஆம் திகதி இரவு வீட்டுக்காரி பேசாமல் பாயை விரித்தது, காலையில் சட்டைப்பையில் மிஞ்சியிருந்த காசு, எல்லாவற்றையும் பாருங்கள். ஆசை அலைபோல ஏறும், இறங்கும். தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும்.

பசியும் களைப்பும் அதற்கு எண்ணெய் ஊற்றும். அன்றைக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டு, இஞ்சி போட்ட பிளேன்டி குடித்துவிட்டே புறப்படுங்கள். வீட்டுக்காரியைப் பாதி வழிக்கே வரச்சொல்லிச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். "குளிருக்கு ஒரு கிளாஸ்" என்று கூட்டாளிமார் கூப்பிடுவார்கள். தோல் சூடாவதுபோல் தெரியுமே தவிர, உள்ளே இருக்கும் சூடுதான் வெளியே போகிறது. உடம்பு இன்னும் குளிர்ந்துபோகும்.

வருகிற 10ஆம் திகதி கச்சான் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், தாத்தா உங்களைத் தோளில் தூக்கிப்போன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அவர் போனதற்கு நீங்கள் இன்னும் சரியாக அழவே இல்லையோ என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். மறுபடி தினமும் குடிக்கும் நிலை வந்துவிட்டால், தனியாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரச ஆஸ்பத்திரி டொக்டரிடம் போங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அங்கே பேசுபவரிடமும் முதலில் அந்தத் தோள் கதையையே சொல்லுங்கள்.