மலைப்பாதைக்கு எந்தப் பாதுகாப்பு வசதி?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குத் தினமும் சென்று வருகிறேன். சிறிய எஸ்யூவி வாங்கவிருக்கும் நான், தானாகவே பிரேக் பிடிக்கும் 'அடாஸ்' வசதிக்காக விலை உயர்ந்த மாடலை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அதற்கு முன் இஎஸ்சி எனும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஈரமான வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கினால், தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிய திசைக்கே அதைக் கொண்டுவர முயல்வது இந்த வசதிதான். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் சில விநாடிகள் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டும் உங்களுக்குத் தினமும் கைகொடுக்கும்.

அடாஸ் பெரும்பாலும் முன்கண்ணாடியில், உள்கண்ணாடிக்குப் பின்னே இருக்கும் கேமராவை நம்பியது. மூடுபனியில் உங்கள் கண்ணுக்குத் தெரியாத லாரி அதற்கும் தெரியாது. ரேடாரும் சேர்ந்திருந்தால் பனியை ஓரளவு ஊடுருவும் என்றாலும், கொண்டை ஊசி வளைவுக்கு அப்பால் வருவதை இரண்டுமே காணமாட்டா. அடாஸில் அடங்கிய, தடம் மாறினால் எச்சரிக்கும் வசதி, பல கார்களில் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். அதற்குத் தெளிவான வெள்ளைக் கோடும் வேண்டும் என்பதால், நீங்கள் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்குப் போகும் நாளில்தான் அதற்கு வேலை.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கத்துக்கு இவற்றில் எதுவும் மாற்றாகாது. இன்னொன்று: முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் இப்போதே விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள்.