மனம் இரண்டுபட்டு நிற்கும்போது

கேள்வி: கொழும்பில் எனக்கு வேலை கிடைத்துள்ளது. 2009இல் அப்பா இறந்த பின்னர், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எமது வயலை அம்மாவும் நானுமே பார்த்து வருகிறோம். வேலைக் கடிதத்தை வயற்கணக்குக் கொப்பிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். இரவில் போவதென்று முடிவெடுத்து, விடிந்ததும் மாற்றிவிடுகிறேன். நான் கோழையா?
வாசகி, கிளிநொச்சி

பதில்: இல்லை, சகோதரி. விரும்புவதும் அஞ்சுவதும் ஒரே இடத்தில் இருக்கும்போது எழும் இழுபறியை 1930களில் உளவியலாளர் குர்ட் லெவின் விளக்கினார். அத்தகைய இலக்கை நெருங்க நெருங்க, விருப்பத்தைவிட அச்சமே வேகமாகக் கூடுகிறது என்பதைப் பின்னர் நீல் மில்லர் விலங்குகளை வைத்துச் செய்த பரிசோதனைகளில் காட்டினார். இரவில் கொழும்பு தொலைவில் இருக்கிறது. விடிந்து, கிணற்றடியில் அம்மா வாளியை வைக்கும் சத்தம் கேட்டதும், பிரிவு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

இரண்டு மனங்களில் ஒன்றை அடக்க முயலாமல், இரண்டும் சொல்வதை அதே கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுங்கள். நிற்கச் சொல்லும் மனம் காக்க முயல்வது வயலையா, அம்மாவையா, அல்லது போரின்போது அனைத்தையும் விட்டு நடந்த அந்த நாள்கள் திரும்பிவிடக் கூடாது என்ற தவிப்பையா? இடம்பெயர்ந்து வளர்ந்த பலருக்கு உடுப்புப் பையைக் கட்டுவதே பழைய காயத்தைத் தொடுவதாகும். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. உறக்கமும் பசியும் தொடர்ந்து கெட்டால், அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடத் தயங்க வேண்டாம்.

ஆனால், அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கற்பனையில் அழும் அம்மாவிடம் அல்ல, திண்ணையில் இருக்கும் அம்மாவிடம் அக்கடிதத்தைக் காட்டுங்கள். வருகிற காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, வயலைக் குத்தகைக்குக் கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.