காலத்தொடரைப் பிரித்துக் கணிப்பது: கேள்வி பதில்

கேள்வி: கூட்டல் முறையில் பிரிப்பதா, பெருக்கல் முறையில் பிரிப்பதா என்பதை எப்படி முடிவு செய்வது?

பதில்: கால வரிசையில் பதிவான எண்களை (காலத்தொடரை) நீண்டகாலப் போக்கு, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பருவம், இவற்றில் அடங்காத எச்சம் என மூன்று கூறுகளாகப் பிரிக்கிறோம். கூறுகளைக் கூட்டினால் தொடர் திரும்பக் கிடைப்பது கூட்டல் முறை, பெருக்கினால் கிடைப்பது பெருக்கல் முறை. முதலில் தரவை வரைந்து பாருங்கள், எந்தக் கட்டளையையும் அதற்குப் பிறகு ஓட்டலாம். 1949 முதல் 1960 வரையிலான மாதாந்திர விமானப் பயணிகளின் தரவு ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியுடனேயே வருகிறது. அதில் 1949ஆம் ஆண்டின் மிகக் குறைந்த மாதம் 104 ஆயிரம், மிக உயர்ந்த மாதம் 148 ஆயிரம். 1960இல் அவை 390, 622. இடைவெளி 44இலிருந்து 232 ஆக, அதாவது ஐந்து மடங்குக்கு மேல் விரிந்திருக்கிறது. விகிதமோ ஏறத்தாழ 1.4இலிருந்து 1.6 வரைதான் நகர்ந்திருக்கிறது. பருவ ஏற்ற இறக்கம் போக்கோடு சேர்ந்து வளரும் இத்தகைய தொடருக்குப் பெருக்கல் முறையே பொருந்தும். எஸ்டிஎல் (STL) என்னும் பிரிப்பு முறை கூட்டல் முறையை மட்டுமே அறியும் என்பதால், பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கையை (log) எடுத்துப் பிரித்து, கணித்த பின் மீண்டும் பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும்.

கேள்வி: பைத்தானில் நகரும் சராசரியால் பிரித்தால், போக்கின் முதல் ஆறு மாதங்களும் கடைசி ஆறு மாதங்களும் வெறுமையாக வருவது ஏன்?

பதில்: பன்னிரண்டு இரட்டைப்படை எண் என்பதால், நடு மாதத்தின் இருபுறமும் ஆறாறு மாதங்களாக மொத்தம் 13 மாதங்களைச் சேர்த்து, முனைகளில் உள்ள இரண்டுக்கு மட்டும் பாதி எடை தருகிறார்கள். முனைகளில் அந்த ஆறு மாதங்கள் கிடைப்பதில்லை. வெறுமையை நேர்கோட்டால் நீட்டி நிரப்பும் வசதி உண்டு என்றாலும், நம் கணிப்பு தொடங்குமிடமே அந்த முனைதான் என்பதால் அதை நம்பி இறங்காதீர்கள். 1990இல் கிளீவ்லேண்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட எஸ்டிஎல் முறையில் முனைகளுக்கும் மதிப்பு கிடைக்கும். பருவ வடிவம் ஆண்டுக்காண்டு மெல்ல மாறுவதையும் அது ஏற்கும்.

கேள்வி: முழுத் தரவையும் பிரித்து, மூன்று கூறுகளையும் எல்எஸ்டிஎம் (LSTM) என்னும் நரம்பியல் வலைப்பின்னல் மாதிரிக்குக் கொடுத்தேன். கடைசி 12 மாதங்களுக்கான பிழை வியக்கும்படி குறைந்துவிட்டது. இது சரியான முறைதானே?

பதில்: இல்லை. முதலில் மாதிரி கற்பதற்கான பயிற்சிப் பகுதியையும் அதன் கணிப்பைச் சரிபார்ப்பதற்கான சோதனைப் பகுதியையும் தனித்தனியே வெட்டுங்கள். பிரிப்பது அதற்குப் பின்னரே. நீங்கள் சோதனைக்கு ஒதுக்கிய மாதங்கள் பிரிக்கும்போதே உள்ளே நுழைந்துவிட்டன.

கேள்வி: மேலே கேட்டவருக்காக நான் வாதிடுகிறேன். மாதிரி பார்ப்பது கடந்த மாதங்களின் கூறுகளை மட்டும்தானே? எதிர்காலம் எப்படிக் கசியும்?

பதில்: கசிவது மாதிரிக்குள் அன்று, கூறுகளுக்குள். மேற்சொன்ன தொடரில் 1959 டிசம்பரின் போக்கு மதிப்பைக் கணக்கிட, 1960 ஜூன் வரையிலான எண்கள் தேவை. 1960ஐச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டு அந்தப் போக்கை மாதிரிக்குக் கொடுத்தால், சோதனையின் பாதி விடையை முன்கூட்டியே கொடுத்ததாகிறது. உண்மையான பயன்பாட்டில் அந்த ஆறு மாதங்கள் கையில் இருக்கப்போவதில்லை.

கேள்வி: அப்படியானால் பின்னோக்கி மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சராசரியைப் பயன்படுத்தினால் போதாதா?

பதில்: போக்கில் கசிவு நிற்கும், ஆனால் அந்தப் போக்கு உண்மை நிலைக்குப் பல மாதங்கள் பின்தங்கியே வரும். பருவக் கூறோ எல்லா ஆண்டுகளின் சராசரியிலிருந்து வருவதால், சோதனை ஆண்டும் அதில் கலந்தே இருக்கும். வெட்டும் தேதியை ஒவ்வொரு படியாக முன்னகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதுவரையிலான தரவை மட்டும் புதிதாகப் பிரித்து, கணித்து, கூறுகளை மீண்டும் சேர்த்து ஒப்பிடுவதே நேர்மையான சோதனை. எஸ்டிஎல் வேகமாக ஓடும் என்பதால் நேரமின்மையைக் காரணம் காட்ட முடியாது.

கேள்வி: இவ்வளவு ஆபத்து என்றால் பிரிக்காமல், கடந்த மதிப்புகளிலிருந்தே கணிக்கும் புள்ளியியல் மாதிரியான பருவகால அரிமாவையே (seasonal ARIMA) நேரடியாகப் பொருத்திவிடலாமே?

பதில்: ஒரே பருவச் சுழற்சியுள்ள மாதாந்திரத் தரவுக்கு உங்கள் வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். அரை மணிக்கொரு முறை பதிவாகும் மின்தேவையை எடுத்துக்கொண்டால், நாளுக்கு 48, வாரத்துக்கு 336 என இரண்டு சுழற்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அங்கே அரிமா திணறும். பல சுழற்சிகளுக்கான எஸ்டிஎல் வடிவமான எம்எஸ்டிஎல் (MSTL) இரண்டையும் தனித்தனியே எடுத்துத் தரும்.

கேள்வி: சுழற்சி நீளத்துக்கு என்ன எண் கொடுப்பது?

பதில்: மாதத் தரவில் ஆண்டுச் சுழற்சிக்கு 12, நாள் தரவில் வாரச் சுழற்சிக்கு 7.

கேள்வி: என்னிடம் 14 மாதத் தரவு இருக்கிறது. 12 கொடுத்தால் பிழைச்செய்தி வருகிறது.

பதில்: குறைந்தது இரண்டு முழுச் சுழற்சிகள், அதாவது 24 மாதங்கள் வேண்டும்.

கேள்வி: துணிக்கடை விற்பனையில் தீபாவளி மாத உயர்வு பருவக் கூறில் சரியாக அடங்காமல் எச்சத்தில் தெறிக்கிறது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. தீபாவளி 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. பன்னிரண்டு மாதச் சுழற்சி அக்டோபரை அக்டோபரோடுதான் ஒப்பிடும் என்பதால், பண்டிகை விற்பனை இரு மாதங்களிலும் அரைகுறையாகப் பரவி, மிச்சம் எச்சத்துக்குப் போகிறது. பண்டிகைக்கு முந்தைய நாள்கள் ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை விழுகின்றன என்பதைத் தனி மாறியாக வைத்து, அதன் விளைவை நீக்கிய பின் பிரியுங்கள். பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஜனவரியை விட்டு நகர்வதில்லை.

கேள்வி: பங்கு விலையைப் பிரித்து நாளைய விலையைக் கணிக்கலாமா?

பதில்: அதில் நம்பத்தக்க பருவ வடிவம் பொதுவாக இல்லை, நிதித்துறை அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: முழுத் தரவையும் பிரித்துவிட்டு, பிறகு பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 விழுக்காடு என வெட்டலாமா?

பதில்: கூடாது. காரணத்தை மேலே மூன்று பதில்களில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அவற்றைப் படித்துவிட்டு வாருங்கள்.